வாயில் வெள்ளை படிந்தால்: துளி மருந்தா, ஜெல்லா, குளிசையா?

எங்கள் பார்மசிக்கு இந்தக் கேள்வி பெரும்பாலும் சனிக்கிழமை காலையில்தான் வரும். மட்டக்களப்பிலோ மகரகமையிலோ தெல்லிப்பழையிலோ கரண்ட் பிடிக்கிறவர்களுக்கு (கதிர்ச்சிகிச்சையை நம் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள்) திங்கள் முதல் வெள்ளி வரைதான் சிகிச்சை. வெள்ளி பின்னேரம் பஸ் ஏறித் திருகோணமலைக்கு வந்து இறங்குவார்கள், விடிந்ததும் வீட்டு வெளிச்சத்தில் மகளோ மருமகனோ நாக்கைப் பார்த்துவிட்டு நேரே கடைக்கு ஓடி வருவார்கள்.

போன மாதம் கிண்ணியாவிலிருந்து ஒரு அக்கா வந்தார். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "தம்பி, வாப்பாட நாக்கப் பாருங்க. பால் குடிச்ச புள்ளட நாக்கு மாதிரி இருக்கு. குடுத்த மருந்து போட்டும் போகல்ல." படத்தில் நாக்கின் மேலேயும் கன்னத்தின் உட்பக்கமும் தயிர் தெளித்தது போல் வெள்ளைத் திட்டுகள், உதட்டின் இரு ஓரமும் வெடித்துச் சிவந்திருந்தது. பையிலிருந்து 30 மில்லி நிஸ்டாட்டின் (பங்கசு, அதாவது பூஞ்சைத் தொற்றுக்கான துளி மருந்து) போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். நாலு நாள் போட்டதாம். போத்தலில் முக்கால்வாசி மருந்து அப்படியே கிடந்தது.

அந்த மிச்ச மருந்தில்தான் விஷயம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அது உண்மையிலேயே பங்கசுதானா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் கரண்ட் பிடிக்கிற வாயில் வெள்ளையாய்த் தெரிவதெல்லாம் பங்கசு இல்லை. சிகிச்சை தொடங்கி இரண்டாம் மூன்றாம் வாரத்தில் வாயின் மென்தோல் வெந்து புண்ணாகும், அந்தப் புண்ணின் மேலும் மங்கலான வெள்ளை மஞ்சள் படலம் ஒன்று மூடும். இரண்டும் தூரத்தில் நின்று பார்த்தால் ஒன்று போலவே இருக்கும். ஈரமான துணியாலோ காஸ் துண்டாலோ மெதுவாகத் துடைத்தால் பங்கசுத் திட்டு பெரும்பாலும் தயிர்க்கட்டி போலக் கழன்று வரும், அடியில் சிவப்பாய் இருக்கும். புண்ணின் படலம் அப்படிச் சுலபமாக வராது, இழுத்தால் நோகும், இரத்தம் கசியும், ஆகவே அதை இழுக்கவே கூடாது. இன்னொரு வகை இதைவிட மோசமாய் ஏமாற்றும்: வெள்ளையே இருக்காது, அண்ணமும் நாக்கும் வெறும் சிவப்பாய் எரியும், பொய்ப்பல் போட்டிருப்பவர்களுக்குப் பொய்ப்பல் பதிந்த இடம் அச்சுக் குத்தியது போல் சிவந்து நிற்கும். அதுவும் பங்கசுதான். "கரண்ட் எரிவுதானே" என்று வீட்டில் விட்டுவிடுவது பெரும்பாலும் இதைத்தான். திடீரென்று எரிவு கூடினால், வாயில் உலோகச் சுவையோ பஞ்சு அடைத்தது போன்ற உணர்வோ வந்தால், வெள்ளை இல்லாவிட்டாலும் காட்டுங்கள். பெரியாஸ்பத்திரிப் பல் வைத்தியப் பிரிவில் காட்டினாலும் போதும், மட்டக்களப்பு வரை காத்திருக்கத் தேவையில்லை.

ஏன் வருகிறது என்பதை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். கன்டிடா அல்பிக்கன்ஸ் என்ற மதுவம் (ஈஸ்ட் வகைப் பங்கசு) நம்மில் எத்தனையோ பேரின் வாயில் சும்மா குடியிருக்கிற ஒன்று. அதை அடக்கி வைத்திருப்பது எச்சில்தான், வெறும் தண்ணீராய்க் கழுவுவதோடு நிற்காமல் கிருமியை அடக்கும் புரதங்களும் அதில் இருக்கின்றன. வாய்ப்புற்றுக்கு வழக்கமாகக் கொடுக்கும் கதிர் 60 முதல் 66 கிரே (கதிரை அளக்கும் அலகு), ஒரு நாளைக்கு 2 கிரே வீதம் ஆறு ஏழு வாரம். காதடியில் இருக்கும் பெரிய எச்சில் சுரப்பி சராசரியாக 26 கிரேக்கு மேல் வாங்கினால் பழைய நிலைக்குத் திரும்புவது கஷ்டம். எச்சில் வற்றினால் காவலாளி போய்விட்டான் என்று அர்த்தம். அதோடு நீரிழிவு, ஸ்டீரொயிட் குளிசை, இடையில் கொடுத்த அன்டிபயோட்டிக், கழற்றாத பொய்ப்பல் எல்லாம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

சரி, தேர்வுக்கு வருவோம். எங்கள் பக்கம் நடைமுறையில் மூன்று வழிதான்: வாயில் கொப்பளிக்கும் நிஸ்டாட்டின், பூசும் மைக்கோனசோல் ஜெல், விழுங்கும் ஃபுளுகோனசோல். க்ளோட்ரிமாசோல் சூப்பும் வில்லை என்று ஒன்று அமெரிக்க வழிகாட்டியில் முன்னுக்கு நிற்கும், 10 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து தடவை. ஆனால் அது கரைவதற்கு எச்சில் வேண்டும். எச்சில் இல்லாதவருக்கு அதைக் கொடுத்தால் கல்லை வாயில் போட்ட மாதிரி அங்கேயே கிடந்து புண்ணில் உரசும். அதனால் கரண்ட் பிடிக்கிறவர்கள் விஷயத்தில் அதை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

நிஸ்டாட்டினைப் பற்றி நல்லது முதலில். 1950 இல் நியூயோர்க் மாநில ஆய்வுகூடத்து எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண்கள் கண்டுபிடித்தது, பெயரே அந்த மாநிலத்தின் பெயரிலிருந்து வந்ததுதான். குடலில் அது உறிஞ்சப்படுவதில்லை. ஆகவே ஈரலுக்கோ சிறுநீரகத்துக்கோ போகாது, வேறெந்தக் குளிசையோடும் சண்டை பிடிக்காது. பத்து வகைக் குளிசை போடுகிற வயதானவருக்கு இது பெரிய விஷயம். டொக்டர்மார் முதலில் இதை எழுதுவதற்குக் காரணமும் இதுதான்.

கெட்டது என்னவென்றால், அது பட்ட இடத்தில் பட்ட நேரம் மட்டும்தான் வேலை செய்யும். வாயில் விட்டு, நாக்கு கன்னம் அண்ணம் எல்லா இடமும் படும்படி சுழற்றி, முடிந்தவரை சில நிமிடம் வைத்திருந்துதான் விழுங்க வேண்டும், அதற்குப் பிறகு அரை மணித்தியாலமாவது ஒன்றும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. இதை நாளுக்கு நாலு தடவை செய்ய வேண்டும். அந்த அக்காவின் வாப்பாவையும் கடைக்கு வெளியே ஓட்டோவில் இருத்தியிருந்தார்கள். போய், எப்படிப் போடுகிறீர்கள் என்று காட்டச் சொன்னேன். துளிக்குழாயால் நாக்கின் நடுவில் கொஞ்சம் விட்டார், முகத்தைச் சுளித்தார், உடனே விழுங்கினார். இரண்டு செக்கனும் இல்லை. அவரைக் குற்றம் சொல்ல முடியாது, வெந்த வாயில் எதையும் வைத்திருப்பது அவ்வளவு வேதனை. ஆனால் அப்படிப் போட்டால் கன்னத்தில் இருக்கிற பங்கசுவுக்கு மருந்து வந்ததே தெரியாது.

இனி அந்த மிச்ச மருந்தின் கணக்கு. பிரிட்டிஷ் மருந்துக் கையேட்டில் வளர்ந்தவருக்கும் ஒரு தடவைக்கு 1 மில்லிதான், நாளுக்கு நாலு தடவை. அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கத்தின் 2016 வழிகாட்டியில் ஒரு தடவைக்கு 4 முதல் 6 மில்லி. ஒரே மருந்து, ஒரே செறிவு, இரண்டு புத்தகத்துக்கும் இடையில் நாலு முதல் ஆறு மடங்கு வித்தியாசம்! எங்கள் டொக்டர்மார் பலர் பிரிட்டிஷ் வழி, அதனால் துண்டில் 1 மில்லி என்று வருவது பிழையில்லை. ஆனால் வாப்பா நாலு நாளில் முடித்தது ஏழு எட்டு மில்லி, அதாவது குறைந்த கணக்கில் போட வேண்டியதிலும் பாதி. மறுபக்கம், 5 மில்லிப்படி டொக்டர் எழுதினால் நாளுக்கு 20 மில்லி, ஒரு 30 மில்லி போத்தல் ஒன்றரை நாளில் காலி, இரண்டு கிழமைக்கு 280 மில்லி, ஒன்பது போத்தலும் போதாது, பத்தாவதையும் திறக்க வேண்டி வரும். "ஒரு போத்தல் தாங்க தம்பி" என்று வாங்கிப் போகிறவர் யாரும் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. துளி மருந்து மலிவு என்று நினைத்துத் தேர்கிறோம், முழுதாகப் போட்டால் பெரும்பாலும் குளிசையைவிட அதற்குத்தான் காசு கூடப் போகும்.

இன்னும் ஒன்று, பல தயாரிப்புகளில் சுவைக்காகச் சீனி சேர்த்திருக்கும். எச்சில் வற்றிய வாயில் பல் சொத்தையாவது மிக வேகம், கதிர் பட்ட தாடையில் பல் பிடுங்குவதும் எலும்பு ஆறாமல் போகிற ஆபத்துள்ள வேலை. ஆகவே அரை மணி கழிந்ததும் வெறும் தண்ணீரால் வாயை அலச வேண்டும்.

மைக்கோனசோல் ஜெல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பசை போல ஒட்டும், அதனால் நிஸ்டாட்டினைவிட நேரம் கூட இருக்கும். உதட்டோர வெடிப்புக்கும் பொய்ப்பல்லின் உட்பக்கத்துக்கும் பூச எனக்கு மிகப் பிடித்தது இதுதான். சாப்பாட்டுக்குப் பிறகு சுத்தமான விரலால் 2.5 மில்லி அளவு, நாளுக்கு நாலு தடவை, திட்டுகள் மறைந்த பிறகும் ஒரு கிழமை. ஆனால் "பூசுகிற மருந்துதானே, என்ன வந்துவிடப் போகிறது" என்று நினைத்தால் அங்கேதான் சறுக்கும். இது கொஞ்சம் உடம்புக்குள்ளும் போகும். இதயக்காரர்களுக்குக் கொடுக்கும் வார்ஃபரினோடு இந்த ஜெல் சேர்ந்தால் இரத்தம் உறையாமல் கசிந்து உயிராபத்து வரை போனதுண்டு. வார்ஃபரின் போடுகிறவருக்கு இந்த ஜெல் வேண்டவே வேண்டாம். புண் அதிகமானவர்களுக்கு விரல் படுவதே நரகம், அவர்களுக்கும் சரிவராது.

ஃபுளுகோனசோல் பக்கம் நான் சாய்கிறேன் என்பதை மறைக்கவில்லை. நாளுக்கு ஒரு குளிசை. வாயில் வைத்திருக்கத் தேவையில்லை, இரத்தம் வழியாகப் போய்ச் சேரும், தொண்டைக்கும் உணவுக்குழாய்க்கும் இறங்கியிருந்தாலும் அங்கேயும் எட்டும், மூக்குக் குழாயால் சாப்பிடுகிறவருக்கும் கொடுக்க வழியிருக்கிறது. அதே 2016 வழிகாட்டி, இலேசான தொற்றுக்கு வாயில் போடும் மருந்தையும், நடுத்தரம் முதல் கடுமையான தொற்றுக்கு நாளுக்கு 100 முதல் 200 மில்லிகிராம் ஃபுளுகோனசோலை 7 முதல் 14 நாளுக்கும் சொல்கிறது. புற்றுச் சிகிச்சை பெறுகிறவர்களுக்குப் பங்கசு வராமல் தடுப்பது பற்றிக் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு 2007 இல் வெளியிட்ட தொகுப்பாய்விலும், குடலில் உறிஞ்சப்படும் மருந்துகளும் ஓரளவு உறிஞ்சப்படுபவையும் பலன் தந்தன, நிஸ்டாட்டின் போல உறிஞ்சப்படாதவை தந்ததாகக் காட்ட முடியவில்லை. அது தடுப்பைப் பற்றியது, வந்ததைக் குணமாக்குவது பற்றியதல்ல. ஆனாலும் என் மேசைக்கு முன்னால் நான் காண்பதோடு அது ஒத்துப்போகிறது.

ஒரு பொதுவான பிழையையும் சொல்லிவிட வேண்டும். 150 மில்லிகிராம் ஒற்றைக் கப்சியூல் ஒன்றை வாங்கி ஒரே நாளோடு முடித்துவிடுகிறார்கள். அந்த ஒற்றை வேளைக் கணக்கு பெண்களுக்கு வரும் வேறொரு பங்கசுத் தொற்றுக்கானது. வாய்க்கு அது போதாது.

அப்படியென்றால் எல்லோருக்கும் குளிசையே கொடுத்துவிடலாமே? முடியாது, அதனால்தான் துண்டு இல்லாமல் நான் அதைக் கொடுப்பதில்லை. வார்ஃபரினோடு இதுவும் சிக்கல்தான். நீரிழிவுக்குப் போடும் கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் போன்றவற்றின் வேகத்தை இது கூட்டும். நல்ல நாளிலேயே சீனி இறங்கக் கூடிய மருந்துகள் அவை, வாய் வெந்து கஞ்சித் தண்ணீரோடு கிடக்கிறவருக்கு இரட்டை ஆபத்து. வாந்திக்குக் கொடுக்கும் டொம்பெரிடோன், ஒன்டான்செட்ரோன் இரண்டும் இதயத் துடிப்பின் ஒழுங்கைத் தொடக்கூடியவை, ஃபுளுகோனசோலும் அதே வழிக்காரன், அதிலும் டொம்பெரிடோனோடு சேர்க்கவே கூடாது. கொலஸ்ட்ரோலுக்கான சிம்வாஸ்டாட்டின், வலிப்புக்கான ஃபெனிடொயின், நோவுக்கு ஒட்டும் ஃபென்டனில் என்று பட்டியல் நீளும். கதிரோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏற்றுகிறவர்களுக்குச் சிறுநீரகம் தளர்ந்திருந்தால் குளிசையின் அளவைப் பாதியாக்க வேண்டி வரும், ஆகவே கடைசி இரத்தப் பரிசோதனைத் துண்டும் தேவை.

எனவே துளியா குளிசையா என்பதை வாயின் நிலைமையைவிட மற்ற மருந்துகளின் பட்டியல்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. இதை நான் கடையில் சொன்னால் ஆட்கள் நம்புவதில்லை, நாக்கின் படத்தைத்தான் மறுபடியும் மறுபடியும் காட்டுகிறார்கள். படம் வேண்டாம் அக்கா, கிளினிக் கொப்பியைக் கொண்டு வாங்க. வீட்டில் போடுகிற குளிசை அட்டை அத்தனையையும் ஒரு சொப்பிங் பையில் போட்டு அப்படியே கொண்டு வந்தாலும் சரி.

என் தேர்வு இப்படித்தான் போகும், முடிவு டொக்டருடையது. நாக்கில் இரண்டு மூன்று திட்டு, வாயில் மருந்தை வைத்திருக்கக் கூடிய நிலை, பக்கத்தில் நின்று நாலு வேளையும் பார்க்க ஒரு ஆள், அப்படியென்றால் நிஸ்டாட்டின், ஆனால் சரியான அளவில். உதட்டோரமும் பொய்ப்பல் இடமும் மட்டும் என்றால் ஜெல். வாய் முழுக்கப் படர்ந்துவிட்டது, விழுங்கும்போது நெஞ்சுக்குள் நோகிறது, அல்லது விடுதியில் தனியாகத் தங்கிச் சிகிச்சைக்குப் போகிறவர், நாலு வேளை மருந்தை நினைவூட்ட ஆளில்லை என்றால் குளிசையை டொக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள். காய்ச்சலும் நடுக்கமும் இருந்தால் இதில் எதையும் தேர வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி, அதுவும் கீமோவும் சேர்ந்து நடக்கிறவர் என்றால் ஒரு மணித்தியாலமும் தாமதிக்கக் கூடாது.

குளோர்ஹெக்சிடின் வாய் கழுவியை இந்தப் பட்டியலில் சேர்க்காதது ஏன் என்று சிலர் கேட்பார்கள். பங்கசுவை அது கொஞ்சம் அடக்கும், உண்மைதான். ஆனால் வெந்த வாயில் எரியும், கதிர்ப் புண்ணைத் தடுக்க அதைப் பாவிக்க வேண்டாம் என்றுதான் சர்வதேச வழிகாட்டியும் சொல்கிறது. அதைவிட முக்கியம், நிஸ்டாட்டினோடு ஒன்றாகப் பட்டால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு செயலிழந்துவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டையும் ஒரே பையில் போட்டு, ஒன்றும் சொல்லாமல், ஒரு ஐயாவுக்குக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அவர் காலையில் ஒன்றால் கொப்பளித்து அடுத்த நிமிடமே மற்றதைப் போட்டிருக்கிறார், பத்து நாள். பிழை என்னுடையது. இப்போது இரண்டும் எழுதியிருந்தால் இடையில் ஒரு மணித்தியாலம் விடச் சொல்லிப் போத்தலிலேயே எழுதி ஒட்டுகிறேன்.

வீட்டு வைத்தியங்களைப் பற்றி. உப்பும் அப்பச்சோடாவும் கலந்த தண்ணீர் மிக நல்லது: ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா, பேக்கிங் பவுடர் அல்ல, இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை கொப்பளித்துத் துப்ப வேண்டும். இது பங்கசுவைக் கொல்லாது, வாயைச் சுத்தமாக்கி மருந்துக்கு இடம் பண்ணிக் கொடுக்கும், ஆகவே நிஸ்டாட்டினுக்கு முன்னால், பின்னால் இல்லை. தேன் கதிர்ப் புண்ணுக்கு உதவலாம் என்று அந்தச் சர்வதேச வழிகாட்டியின் 2020 பதிப்பிலேயே இருக்கிறது, ஆனால் பங்கசுவுக்கு அல்ல. நீரிழிவுக்காரருக்கும் பல் இருக்கிறவருக்கும் யோசித்துத்தான். தேங்காய் எண்ணெய் உதட்டுக்குப் பூசலாம், அவ்வளவுதான். பழைய ஆட்கள் கேட்கும் ஊதா மருந்து, ஜென்ஷன் வயலட், பங்கசுவைக் கொல்லக் கூடியது என்பது பொய்யில்லை. ஆனால் வாய் முழுக்க ஊதாவாகிவிட்டால் புற்று இருந்த இடத்தை டொக்டர் எப்படிப் பார்ப்பார்? புண்ணையும் அது அரிக்கும், விலங்குகளில் புற்றை உண்டாக்கியதும் பதிவாகியிருக்கிறது. வாய்ப்புற்றுக்காரருக்கு நான் அதைத் தரமாட்டேன்.

இதெல்லாம் ஒரு வெள்ளைத் திட்டுக்கா என்று கேட்டால், வெள்ளைத் திட்டு ஆளைக் கொல்லாது. ஆனால் வாய் நோவால் சாப்பாடு நிற்கும், எடை இறங்கும், "இந்தக் கிழமை போக ஏலாது" என்று ஒரு திங்கட்கிழமை வீட்டிலேயே நின்றுவிடுவார்கள். தலை கழுத்துப் புற்றில் சிகிச்சை நீளும் ஒவ்வொரு நாளுக்கும் புற்றைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு ஏறத்தாழ 1 சதவீதமோ அதற்குச் சற்று மேலோ குறைகிறது என்பது கதிர்ச்சிகிச்சைத் துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வருவதே வாய், உதடு, தொண்டை சார்ந்த புற்றுத்தான், வெற்றிலைத் தட்டத்தைப் பற்றி நான் இங்கே ஆரம்பித்தால் முடியாது.

பொய்ப்பல் விஷயம் மறந்துவிடும், ஆகவே இப்போதே: எந்த மருந்தைத் தேர்ந்தாலும் பொய்ப்பல்லை இரவில் கழற்றுங்கள். பங்கசு அந்தப் பிளாஸ்டிக்கில் ஒட்டியிருக்கும், குளிசை இரத்தத்தில் போகுமே தவிரப் பிளாஸ்டிக்குக்குள் போகாது. சவர்க்காரம் போட்டு பிரஷால் தேய்த்து, குளோர்ஹெக்சிடினில் ஊற வைத்து (அதற்குத்தான் அந்தப் போத்தல் நல்லது), காலையில் நன்றாகக் கழுவி, முடிந்தால் சாப்பாட்டுக்கு மட்டும் போடச் சொல்லுங்கள். பல்துலக்கும் பிரஷையும் மாற்றுங்கள்.

கிண்ணியா வாப்பாவின் பையைக் கொட்டிப் பார்த்தபோது மெற்ஃபோர்மின், கிளிக்கிளசைட், டொம்பெரிடோன் மூன்றும் இருந்தன. பெயர்களை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்து ஓபிடிக்கு அனுப்பினேன். அங்கே டொக்டர் டொம்பெரிடோனை நிறுத்தி, கிளிக்கிளசைட்டைக் குறைத்து, காலையும் மாலையும் விரலில் குத்திச் சீனி பார்க்கச் சொல்லி, ஃபுளுகோனசோல் 100 மில்லிகிராம் பத்து நாளுக்கு எழுதியிருந்தார். அடுத்த சனிக்கிழமை அக்கா வந்து வெள்ளை போய்விட்டது, ஆனால் எரிவு அப்படியே இருக்கிறது, மருந்து பாதிதான் வேலை செய்திருக்கு என்றார். மருந்து அதன் வேலையை முழுதாகச் செய்திருந்தது. மிச்ச எரிவு கதிரின் புண், அது சிகிச்சை முடிந்து இரண்டு முதல் நாலு கிழமையில்தான் ஆறும். அதற்கு வேறு மருந்து, அதை மட்டக்களப்பில் கேளுங்கள் என்று அனுப்பினேன்.

ஒரு கிழமை முழுதாகப் போட்டும் வெள்ளை போகவேயில்லை என்றால்தான் கதை வேறு. கன்டிடாவில் குருசெய் என்ற இனத்துக்கு ஃபுளுகோனசோல் பிறவியிலேயே ஏறாது, கிளப்ராட்டாவுக்கும் பலமுறை ஏறாது. வராமலிருக்கவே நாள்பட ஃபுளுகோனசோல் போட்டுவருகிறவர்களிடம் இந்த இரண்டும்தான் மிஞ்சி நிற்கும், ஆகவே கரண்ட் தொடங்கும்போதே "காவலுக்கு" என்று நீங்களாகக் குளிசை போடத் தொடங்காதீர்கள். அப்படி வெள்ளை போகாத நிலையில் வாயிலிருந்து ஸ்வாப் (பஞ்சுக்குச்சியால் எடுக்கும் மாதிரி) எடுத்து எந்த இனம் என்று பார்த்து, இட்ரகோனசோல் திரவம் போன்ற வேறொன்றுக்கு மாற்றுவார்கள். ஸ்வாப் எடுக்கப் போகிற காலையில் எந்த மருந்தாலும் வாயைக் கொப்பளிக்காமல் போங்கள்.